நண்பகல் வேலைத்தடை (ஐக்கிய அரபு அமீரகம்)

கோடைக்காலத்தில் நேர் வெயிலிலும் திறந்த வெளியிலும் உச்சிப்பொழுதில் தொழிலாளரை வேலை வாங்கலாகாது என்று முதலாளிகளுக்கு அமீரக அரசு இட்டிருக்கும் விதி. ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மத்தியானம் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை இது அமலில் இருக்கும்.

தோற்றம்: 1971-இல் அமீரகங்கள் ஒன்றுகூடிய பின்னர் இயற்றப்பெற்ற 1980-ஆம் ஆண்டின் 8-ஆம் எண் தொழிலாளர் சட்டம், தினசரி வேலையை எட்டு மணி நேரமாக வரையறுத்து, தொழிலால் நேரும் அபாயங்களினின்றும் ஆட்களைக் காப்பது முதலாளியின் கடமையென்று விதித்தது. அக்கடமையின் விவரங்களை 1982-இல் பிறந்த 32-ஆம் எண் அமைச்சக ஆணை வகுத்துரைத்தது. எனினும், கட்டடத் தொழில் பெருகி, பிற தேசங்களிலிருந்து வந்த லட்சக்கணக்கானோர் சாரங்களில் நின்று உழைக்கலான பிறகே, வெயிலுக்கென்று ஒரு நேர வரம்பு 2005-இல் ஏற்பட்டது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் 12.30 முதல் 4.30 வரை என்றிருந்த அவ்வரம்பு மறு ஆண்டே 3 மணியோடு நிற்குமாறு சுருக்கப்பட்டது. காலம் பிற்பாடு மூன்று மாதமாக நீண்டது.

விலக்குகள்: இவை இருவகைப்படும். தார் போடுதல், கான்கிரீட் ஊற்றுதல் போன்று நடுவில் நிறுத்தினால் கெட்டுப்போகும் பணிகள் ஒருவகை; குடிநீர், மின்சாரம், போக்குவரத்து ஆகியவற்றில் நேர்ந்த பழுதை உடனே நீக்கும் பணிகள் மற்றொருவகை. இவ்விரண்டிலும் குளிர்ந்த குடிநீர், நிழல், முதலுதவி ஆகியவற்றை முதலாளி சித்தமாக வைத்திருத்தல் வேண்டும்.

அபராதம்: தொழிலாளி ஒருவருக்கு 5,000 திர்ஹம், உச்ச வரம்பு 50,000 திர்ஹம்.

அளவுகோல்: கத்தார் 2021 முதல் நேர வரம்போடு உஷ்ணமும் ஈரமும் கலந்த ஒரு மானியையும் கைக்கொண்டு, அது 32.1 பாகையைக் கடந்தால் வேலையை நிறுத்துகிறது. அமீரகம் கடிகாரத்தையே நம்புகிறது. கருவியின்றி எவரும் மீறலைக் கண்டுகொள்ளக் கூடுமாதலின், இதுவே நடைமுறைக்கு உகந்தது.

அல் கூஸ்: துபாயில் ஷேக் சாயித் சாலைக்கும் அல் கைல் சாலைக்கும் இடைப்பட்ட இத்தொழிற்பேட்டையின் கேம்புகளிலிருந்து பேருந்தேறிக் கட்டட வேலைக்குச் செல்வோரை இவ்விதி காக்கிறது. தகரக் கூரையின் கீழுள்ள பட்டறைகளில் நேர் வெயில் படாதாகையால், அவற்றுக்குப் பொதுப் பாதுகாப்பு விதிகளே பொருந்தும்.