நடுகல்லில் நின்ற தெய்வம்

ஊர்க்கோயிலில் திருப்பணி தொடங்குங் காலத்து, மதிற்புறத்தே வேம்பின் அடியில் சாய்ந்து கிடக்கும் பலகைக் கல் ஒன்று பெரும்பாலும் எவர் கண்ணிலும் படுவதில்லை. வில்லும் வாளும் ஏந்திய ஆண்மகன் ஒருவனின் உருவம் அதிற் புடைத்து நிற்கும். தலைமாட்டில் பழைய எழுத்து சில வரிகள் ஓடும். அதனைத் துணி துவைக்கும் கல்லாக்கிய ஊர்களும் உண்டு. வாய்க்காலின் குறுக்கே பாலமாக இட்ட ஊர்களும் உண்டு. ஆயினும், சிற்பமும் செப்புத் திருமேனியும் பெருகுவதற்கு நெடுங்காலம் முன்னரே தமிழ் மக்கள் கைகூப்பித் தொழுத தெய்வம் அக்கல்லே ஆகும்.

ஊரின் ஆநிரையைப் பகைவர் கவர்ந்தபோது மீட்கச் சென்று பட்டவன், புலியொடு பொருது மாய்ந்தவன், ஊரைக் காத்து வீழ்ந்தவன் ஆகியோர்க்கு எடுத்த கல்லையே நடுகல் என்பர். தொல்காப்பியம் புறத்திணையியலில் இதற்குரிய முறையை ஆறு நிலைகளாக வகுத்துரைக்கின்றது. தக்க கல்லைத் தேர்ந்து காண்பது காட்சி, அதனைக் கொள்ளத் தொடங்குவது கால்கோள், நீரில் ஆட்டுவது நீர்ப்படை, பின்னர் நடுதல், பெரும்படை என்னும் சிறப்புச் செய்தல், இறுதியில் வாழ்த்து. குடமுழுக்கு விழாவினைக் கண்ட அன்பர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. திருமேனியைப் பீடத்தில் ஏற்றுமுன் நீரில் வைக்கும் சலாதிவாசம் என்னும் கிரியையை அவர்கள் அறிவர். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று துணிந்து கூற இடமில்லை. எனினும், வெறுங்கல் நீராடிய பின்னரே தெய்வம் உறையும் இடமாகும் என்னும் கருத்து இரண்டிற்கும் பொதுவாதல் வெளிப்படை.

இவ்வழிபாட்டின் உள்ளீடான நம்பிக்கை எளியது. பிறர்பொருட்டு உயிர் கொடுத்தவனின் ஆற்றல் அவ்வுடலோடு அழிவதில்லை. அது கல்லில் வந்து தங்கும். உரிய சிறப்புப் பெற்றால் ஊரையும் ஆவையும் வழிச்செல்வோரையும் காக்கும். இத்தெய்வம் எட்டாத் தொலைவில் உள்ளதன்று. அதற்குப் பெயருண்டு, ஊருண்டு, அதனை உறவு கூறி அழைக்கும் குடியும் உண்டு. நேற்றுவரை உடன் உண்டவனே இன்று வணங்கப்படுகின்றான்.

புறநானூறு இதற்குச் சான்று பல தருகின்றது. நெல்லைச் சொரிந்து வணங்குதற்கு யானையை வீழ்த்திப் பட்ட வீரனின் கல்லையன்றி வேறு கடவுள் தமக்கில்லை என்னும் கருத்தை மாங்குடி கிழார் பாடியுள்ளார். அதியமானின் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் நறவு படைப்பதைக் கண்ட ஔவையார், மலையொடு கூடிய நாட்டையே கொடுத்தபோதும் கொள்ளாதவன் இதனை ஏற்பானோ என்று நெஞ்சுருகுகின்றார். படையலின் சிறுமையும் பட்டவனின் பெருமையும் அவர் உள்ளத்தில் ஒருங்கே நின்றன. அள்ளூர் நன்முல்லையார் காட்டும் மறக்குடிப் பெண்ணோ நாள் தவறாது நடுகல்லைத் தொழுபவள். தனக்கு விருந்தினர் வேண்டுமென்றும், தன் கணவனுக்கும் வேந்தனுக்கும் நாடு தரும் பெரும்பகை வாய்க்க வேண்டுமென்றும் அவள் வேண்டுகின்றாள். போர் வந்தால் கணவனும் ஒருநாள் கல்லாகக்கூடும் என்பதை அறியாதவளல்லள், அறிந்தே வேண்டினாள்.

இவை புலவர் கற்பனை என ஐயுற்றோரும் இருந்தனர். 2006-ஆம் ஆண்டு தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்கள் கிடைத்தபின் அவ்வையத்திற்கு இடமில்லாது போயிற்று. கிறித்து பிறப்பதற்கு முற்பட்டவை என அறிஞர் கருதும் அக்கற்களில் உருவம் ஏதுமில்லை. எழுத்து மட்டுமே உண்டு. அவற்றுள் ஒன்று கூடலூரில் நிகழ்ந்த ஆகோளில் பட்டவனுக்கு எடுத்தது.

பல்லவர் காலத்துக் கற்கள் செங்கம் வட்டாரத்தில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-ஆம் ஆண்டு அவற்றை நூலாக வெளியிட்டது. வட்டெழுத்தில் அமைந்த அக்கல்வெட்டுகள் மிகச் சுருக்கமானவை. அரசனின் ஆட்சியாண்டு, ஊர், வீரனின் பெயர், அவன் பட்ட காரணம், அவ்வளவே. புகழ்மொழி எதுவும் இராது. எடுத்தனூரிலுள்ள கல் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டுக்குரியது. எருமைகளை மீட்கப் போரிட்டு மாண்ட கருந்தேவகத்தி என்பவனுக்கு அதனை எடுத்தனர். அவனருகில் ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அதன் பெயர். கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியும் தனியே பொறிக்கப்பட்டுள்ளது. தலைவனோடு சேர்த்து நாயின் பெயரையும் கல்லில் வெட்டிய அவ்வூராரின் நன்றியுணர்வை என்னென்பது!

பட்டவனின் குடும்பத்தை ஊர் கைவிட்டதில்லை. அவன் வழியினர்க்கு நெய்த்தோர்பட்டி, உதிரப்பட்டி என்னும் பெயர்களில் நிலம் அளிக்கப்பட்டது. இரண்டும் குருதியைக் குறிக்கும் சொற்களே. வழிபாடும் அறமும் அங்கே வேறு வேறாக இருக்கவில்லை.

இவ்வழிபாடு பெருங்கோயில் நெறியோடு பகைத்து நின்றதென்று எண்ணுதல் பொருந்தாது. சிலப்பதிகாரத்தில் சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொணர்ந்து, கங்கையில் நீர்ப்படை செய்து, கண்ணகிக்குக் கோயில் எடுத்ததாக இளங்கோவடிகள் பாடுகின்றார். வஞ்சிக் காண்டத்துக் காதைகள் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல் என்றே பெயர் பெற்றுள்ளன. அவ்வன்னை இலங்கையில் பத்தினித் தெய்வமாகச் சிங்களராலும் வணங்கப்படுகின்றாள். சோழர் காலத்திலோ மறைந்த அரசர்க்குப் பள்ளிப்படையாகச் சிவாலயங்களே எழுந்தன. ஆதித்த சோழனுக்குத் தொண்டைமானாட்டிலும், அரிஞ்சயனுக்கு மேற்பாடியிலும் அமைந்த கோயில்களைக் கூறலாம். இறந்தாரை நினைந்து நட்ட கல்லின் இடத்தில் சிவலிங்கம் எழுந்தருளிற்று. இவற்றைச் சிறுதெய்வம் என்று தள்ளிவிடுவோர் இவ்வரலாற்றைச் சிறிது எண்ணிப்பார்த்தல் நலம்.

தருமபுரி, திருவண்ணாமலைப் பகுதிகளில் இக்கற்கள் பல இன்றும் வேடியப்பன் என்னும் பெயரால் வழிபடப்படுகின்றன. அடியில் பொங்கல் பொங்குகின்றது. மேனியில் மஞ்சளும் குங்குமமும் துலங்குகின்றன. கல்லில் வெட்டிய பெயரைப் படிக்கத் தெரியாதாரும் அவன் தம்மைக் காப்பவன் என்பதை மறக்கவில்லை. திருப்பணிக் குழுவினர் பழைய கல் ஒன்றைப் பெயர்க்க நேருமாயின், முதலில் தொல்லியல் துறையினர்க்குத் தெரிவித்து எழுத்தைப் படியெடுக்கச் செய்தல் வேண்டும். உடைந்த கல்லாயினும் அதன் துண்டுகளை ஒரே இடத்தில் வைத்தல் வேண்டும். சிமெண்டும் வண்ணமும் ஒருமுறை பூசப்பட்டுவிட்டால், ஆயிரம் ஆண்டு மழைக்கும் வெயிலுக்கும் அழியாது நின்ற அப்பெயரை மீண்டும் படித்தல் அரிது.