1986 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியா

1986 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியா 5 தங்கம், 9 வெள்ளி, 23 வெண்கலம் என மொத்தம் 37 பதக்கங்களைப் பெற்று ஐந்தாம் இடம் பிடித்தது. பத்தாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகளான இவை தென்கொரியத் தலைநகர் சியோலில் 1986 செப்டம்பர் 20 முதல் அக்டோபர் 5 வரை நடைபெற்றன. இந்தியாவின் ஐந்து தங்கங்களுள் மூன்றைத் தனிநபர் போட்டிகளிலும் ஒன்றைத் தொடரோட்டக் குழுவில் ஒருவராகவும் வென்றவர் கேரளத்தைச் சேர்ந்த ஓட்ட வீராங்கனை பி. டி. உஷா ஆவார்.

பதக்கப் பட்டியலில் இந்தியா

தங்கப் பதக்கங்களின் எண்ணிக்கைப்படி முதல் ஐந்து நாடுகள்:

1. சீனா - 94
2. தென்கொரியா - 93
3. ஜப்பான் - 58
4. ஈரான் - 6
5. இந்தியா - 5

1982 ஆம் ஆண்டு புது தில்லியில் நடைபெற்ற போட்டிகளிலும் இந்தியா ஐந்தாம் இடத்தையே பெற்றிருந்தது. ஆனால் அப்போது அது வென்றவை 13 தங்கம், 19 வெள்ளி, 25 வெண்கலம் என 57 பதக்கங்கள். நான்கு ஆண்டுகளில் மொத்தப் பதக்கங்கள் இருபது குறைந்தும் இடம் மாறவில்லை. 1982 இல் 17 தங்கங்களுடன் நான்காம் இடம் பெற்ற வடகொரியா, அரசியல் காரணங்களால் சியோல் போட்டிகளைப் புறக்கணித்தது இதற்கு ஒரு காரணமாகும். எனவே தரவரிசையை மட்டும் கொண்டு இவ்விரு ஆண்டுகளின் செயற்பாட்டை ஒப்பிட இயலாது.

புது தில்லியில் இந்தியாவின் தங்கங்கள் பல விளையாட்டுகளிலிருந்து கிடைத்தன. தடகளத்தில் நான்கு, குதிரையேற்றத்தில் மூன்று, கோல்ஃபில் இரண்டு, மற்போர், குத்துச்சண்டை, பாய்மரப் படகோட்டம், மகளிர் ஹாக்கி ஆகியவற்றில் தலா ஒன்று என்பது அதன் விவரம். சியோலிலோ தடகளம், மற்போர் ஆகிய இரண்டில் மட்டுமே தங்கம் கிடைத்தது.

தடகளம்

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கு வேறுபாட்டில் வெண்கலத்தை இழந்தவர் உஷா. 1985 இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டிகளில் ஐந்து தங்கங்களை வென்றிருந்தார். இவருக்குப் பயிற்சியளித்தவர் ஓ. எம். நம்பியார். சியோலில் இவர் பெற்ற பதக்கங்கள்:

* 200 மீட்டர் - தங்கம் (23.44 நொடி)
* 400 மீட்டர் - தங்கம் (52.16 நொடி)
* 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம் - தங்கம் (56.08 நொடி)
* 4 x 400 மீட்டர் தொடரோட்டம் - தங்கம் (3 நிமிடம் 34.58 நொடி)
* 100 மீட்டர் - வெள்ளி

100 மீட்டர் ஓட்டத்தில் பிலிப்பைன்ஸ் வீராங்கனை லிடியா டி வேகா தங்கம் வென்றார். தொடரோட்டக் குழுவில் உஷாவுடன் எம். டி. வல்சம்மா, வந்தனா ராவ், ஷைனி ஆபிரகாம் ஆகியோர் ஓடினர். இவர்களுள் வல்சம்மா, 1982 இல் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் தங்கம் வென்றவர்.

400 மீட்டரில் உஷாவுக்கு அடுத்ததாக வந்து ஷைனி வெள்ளி பெற்றார். 800 மீட்டரில் முன்னணியில் ஓடிய அவர், அனுமதிக்கப்பட்ட கோட்டை அடையும் முன்பே தமது ஓடுபாதையை விட்டு உட்புறம் நகர்ந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். 800 மீட்டர் ஓட்டத்தில் முதல் வளைவைக் கடக்கும் வரை ஒவ்வொருவரும் தத்தம் பாதையிலேயே ஓட வேண்டும் என்பது விதி.

1982 இல் தடகளத்தில் பெற்ற நான்கு தங்கங்களுள் மூன்று ஆண்களுடையவை. 1986 இல் நான்கும் பெண்களுடையவை.

பிற விளையாட்டுகள்

* மற்போர்: ஐந்தாவது தங்கத்தைக் கட்டற்ற பாணி மற்போரின் 100 கிலோ பிரிவில் கர்தார் சிங் வென்றார். இவர் 1978 பாங்காக் போட்டிகளிலும் தங்கம் வென்றவர்.
* நீச்சல்: 200 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் கஜான் சிங் வெள்ளி பெற்றார். 1951 க்குப் பின் ஆசிய விளையாட்டு நீச்சலில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் இது.
* ஹாக்கி: ஆண்கள், மகளிர் அணிகள் இரண்டும் வெண்கலம் பெற்றன. 1982 இல் மகளிர் அணி தங்கமும் ஆண்கள் அணி வெள்ளியும் பெற்றிருந்தன.
* கைப்பந்து: ஜிம்மி ஜார்ஜ் இடம்பெற்ற ஆண்கள் அணி வெண்கலம் வென்றது.

பிந்தைய நிலை

1986 இல் ஐந்தாம் இடம் மறைத்திருந்த சரிவு 1990 பெய்ஜிங் போட்டிகளில் வெளிப்பட்டது. அங்கு உஷா மூன்று வெள்ளிகளைப் பெற்றார், தங்கம் பெறவில்லை. தடகளத்திலும் மற்போரிலும் இந்தியாவுக்கு ஒரு தங்கம்கூடக் கிடைக்கவில்லை. அவ்வாண்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட கபடியில் கிடைத்த ஒரே தங்கத்துடன் மொத்தம் 23 பதக்கங்களைப் பெற்று இந்தியா பதினோராம் இடத்திற்கு இறங்கியது.