ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம்?

ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியது மின்சாரக் கார். கணவரின் ஆலையில் மாடல் டி கார்கள் வரிசை வரிசையாக வெளியே வந்துகொண்டிருந்த 1914ஆம் ஆண்டில், அவருக்கு வாய்த்தது வேறொரு நிறுவனம் செய்த 'டெட்ராய்ட் எலெக்ட்ரிக்'. அமெரிக்காவில் டியர்பார்ன் நகர அருங்காட்சியகத்தில் அந்தக் கார் இன்றும் இருக்கிறது. உயரமான கண்ணாடிப் பெட்டி போன்ற உடல், மெத்தை இருக்கைகள், வட்டச் சக்கரத்துக்குப் பதிலாகத் திருப்புவதற்கு ஒரு நீண்ட கைப்பிடி. ஓர் அறையை வீட்டிலிருந்து பெயர்த்தெடுத்துச் சக்கரத்தில் வைத்தாற்போல் இருக்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் ஏறக்குறைய 130 கிலோமீட்டர்.

இந்தக் கடைசி எண்தான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. சென்ற மே மாதம் என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு மின்சாரக் காரில் போனேன். கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். வீட்டிலும் கல்லூரியிலும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும்?" கேள்வி காரைப் பற்றியது என்றுதான் முதலில் நினைத்தேன். நாலைந்து பேர் கேட்ட பிறகு சந்தேகம் வந்தது. என் தம்பி மட்டும் நேராகச் சொன்னான்: "அம்மாவை ரயில்ல அனுப்பிடுக்கா. நீ எப்படியோ போ."

மின்சாரக் கார் புதுச் சரக்கு என்று நினைக்கிறோம். 1900ஆம் ஆண்டு அமெரிக்காவில் செய்யப்பட்ட கார்கள் மொத்தம் 4,192. அவற்றில் நீராவியில் ஓடியவை 1,681, மின்சாரத்தில் ஓடியவை 1,575, பெட்ரோலில் ஓடியவை வெறும் 936. அன்றைய பெட்ரோல் கார் சத்தமும் புகையுமான ஒரு முரட்டுப் பிராணி. முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகி, உடம்பின் பலம் முழுவதையும் போட்டுச் சுழற்றினால்தான் உயிர் வரும். சில சமயம் கைப்பிடி எதிர்த்துச் சுழன்று சுழற்றியவரின் மணிக்கட்டை முறித்துவிடும். மின்சாரக் காருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஏறி உட்கார்ந்து கைப்பிடியைத் தள்ளினால் நகரும்.

உடனே அது 'பெண்களின் கார்' ஆகிவிட்டது. விளம்பரங்களில் பெண்கள் வந்தார்கள். உள்ளே பூ வைக்கக் குவளை பொருத்தினார்கள், ஜன்னலுக்குத் திரைச்சீலை போட்டார்கள். அமைதி, சுத்தம், எளிமை என்று காருக்குச் சொன்ன குணங்களெல்லாம் நடுத்தர வர்க்கப் பெண்ணுக்கு அதற்கு முன்பே சொல்லிவைத்திருந்தவை. கடைக்குப் போகலாம், தோழியின் வீட்டுக்குப் போகலாம், இருட்டுவதற்குள் திரும்பி வீட்டிலேயே சார்ஜ் போடலாம். பேட்டரியால் அதற்குமேல் ஓட முடியாது, பெண்ணுக்கும் அதற்குமேல் போகவேண்டிய வேலை இல்லை. இரண்டும் எவ்வளவு அழகாகப் பொருந்திவிட்டன பாருங்கள். வரலாற்றாய்வாளர் வர்ஜீனியா ஷார்ஃப் 1991இல் வெளியிட்ட நூலில் இந்தப் பொருத்தத்தைத்தான் பிரித்துப் பார்த்தார். வாகனத் தொழிலில் இருந்த ஆண்கள் பெண்ணைப் பற்றித் தாங்கள் நம்பியதையே இயந்திரமாகச் செய்து விற்றார்கள் என்பதை அவர் காட்டினார்.

மின்சாரக் காரால் தூரம் போகவே முடியாது என்பதும் முழு உண்மை இல்லை. 1908ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் டென்வர் நகரத்து ஆலிவர் ஃப்ரிட்சில், தானே செய்த மின்சாரக் காரில் நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கனிலிருந்து நியூயார்க் வரை ஓட்டிப் போனார். சுமார் 2,900 கிலோமீட்டர். வழியில் மின்சாரம் கிடைத்த ஊர்களிலெல்லாம் நின்று சார்ஜ் ஏற்றினார். ஆணின் கையில் அதே வண்டி சாகசம், பெண்ணின் கையில் வரவேற்பறை.

பெண்கள் அந்த வட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டிருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. இன்னும் பின்னால் போகவேண்டும்.

1888 ஆகஸ்ட். ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் பெர்த்தா பென்ஸ் தன் இரு மகன்களையும் எழுப்பி, கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், அவர் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை வெளியே எடுத்தார். அம்மா வீடு இருக்கும் போர்ட்ஸ்ஹைமுக்குப் பயணம், நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதுவரை உலகில் யாரும் மோட்டார் வண்டியில் அவ்வளவு தூரம் போனதில்லை. அந்த வண்டிக்கு மூலதனமாக இருந்தது பெர்த்தாவின் வரதட்சணைப் பணம். காப்புரிமைப் பத்திரத்தில் இருந்தது கணவரின் பெயர். வண்டியை வாங்க ஆள் வரவில்லை, கார்ல் தயங்கிக்கொண்டிருந்தார். ஓட்டிக் காட்டினால்தான் உலகம் நம்பும் என்று பெர்த்தாவுக்குத் தெரிந்திருந்தது.

வழியில் எரிபொருள் தீர்ந்தது. வீஸ்லோக் என்னும் சிற்றூரின் மருந்துக்கடையில், கறை நீக்கப் பயன்படும் லிக்ரோயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று இன்று அந்தக் கடையைத்தான் காட்டுகிறார்கள். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார், மின்கம்பி உரசியபோது காலுறைப் பட்டையைச் சுற்றினார் என்பார்கள். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்து வாங்கினார். மேடு வந்தால் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். ஊர் திரும்பியதும், மேடேற இன்னொரு கியர் வேண்டும் என்று கணவரிடம் சொன்னார். இன்றைய சொல்லில் இது சாலைச் சோதனை. நம் பாடநூல்கள் ஊசியை நினைவில் வைத்துக்கொண்டு கியரை மறந்துவிடுகின்றன.

இந்த இடத்தில் தமிழ் வகுப்பு எனக்கு நினைவுக்கு வரும். சங்க இலக்கியத்தில் பயணத்துக்குப் பெயர் 'செலவு'. பொருள் தேடிச் செல்கிறவன் தலைவன். அவன் போகாமல் நிற்பதற்கும் 'செலவழுங்குதல்' என்று ஒரு துறை உண்டு. அவள் போகாமல் இருப்பதற்குத் துறை எதுவும் இல்லை, அது இயல்புநிலை. பெண்ணை உடன்கொண்டு கடல்கடந்து போகும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியமே சொல்லிவிடுகிறது. ஆனால் அதே இலக்கியத்தில் விறலி ஊர் ஊராக நடக்கிறாள். எந்த வழியாகப் போனால் யாரைப் பார்க்கலாம் என்று அவளுக்கே வழிசொல்லும் பாட்டு இருக்கிறது, 'விறலியாற்றுப்படை' என்று துறையே இருக்கிறது. பாடத்திட்டத்தில் தலைவியின் காத்திருப்புக்கு ஒரு பருவம், விறலிக்கு ஒரு மணி நேரம்.

ஆலிஸ் ராம்ஸியின் கையிலும் ஓர் ஆற்றுப்படை இருந்தது. அதற்கு 'நீல நூல்' என்று பெயர், கார் ஓட்டிகளுக்கான வழிகாட்டி. இந்த வீட்டருகே இடப்புறம் திரும்பு, அந்தக் கொட்டகை தாண்டி வலப்புறம் என்று எழுதியிருக்கும். 1909 ஜூன் 9ஆம் தேதி நியூயார்க்கில் கிளம்பி, 59 நாள் ஓட்டி, ஆகஸ்ட் 7ஆம் தேதி சான்ஃபிரான்சிஸ்கோ போய்ச் சேர்ந்தார். வயது 22. கூட வந்த மூன்று பெண்களில் யாருக்கும் ஓட்டத் தெரியாது. போன தூரம் 3,800 மைல், அதில் தளம் போட்ட சாலை 152 மைல்தான். பதினொரு முறை டயர் மாற்றினார். ஓரிடத்தில் நீல நூல் 'மஞ்சள் வீட்டில் திரும்பு' என்கிறது, மஞ்சள் வீட்டைக் காணோம். கார்களைப் பிடிக்காத வீட்டுக்காரர், வருகிறவர்கள் வழிதவறட்டும் என்று வீட்டுக்குப் பச்சை வண்ணம் அடித்துவிட்டாராம். அவர் ஓட்டியது பெட்ரோல் கார். இரும்புக் கைப்பிடியைத் தானே சுழற்றினார்.

அடுத்து வந்தவர்கள் அரசியலோடு வந்தார்கள். 1915இல் வாக்குரிமை கோரும் மனுவைச் சுமந்துகொண்டு சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வாஷிங்டன் வரை ஒரு கார் போனது. மேடையில் பேசியவர் சாரா பார்ட் ஃபீல்ட் என்ற கவிஞர். காரை ஓட்டியும் பழுது பார்த்தும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் ஸ்வீடனிலிருந்து குடியேறிய மரியா கிண்ட்பெர்க், இங்கெபோர்க் கிண்ட்ஸ்டெட் என்ற இருவர். புகழ் பேசியவருக்கே போனது, ஓட்டியவர்களுக்கு அதில் வருத்தம் இருந்தது. நானும் பேசுகிற கூட்டத்தைச் சேர்ந்தவள்தான் என்பதால் இதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. மறு ஆண்டு ஆலிஸ் பர்க், நெல் ரிச்சர்ட்சன் இருவரும் மஞ்சள் நிற சாக்ஸன் காரில் நாட்டைச் சுற்றி 10,000 மைல் போனார்கள். தட்டச்சுப் பொறி, தையல் மிஷின், ஒரு பூனைக்குட்டி எல்லாம் கூடவே போயின. பெண்ணுக்கு இயந்திரமும் தெரியாது, அரசியலும் தெரியாது என்று சொன்னவர்களுக்கு ஊர் ஊராக நின்று பதில் சொன்னார்கள்.

மின்சாரக் காரின் கதை இதற்குள் முடியத் தொடங்கியிருந்தது. 1912இல் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த தானியங்கி ஸ்டார்ட்டர் கெடிலாக் கார்களில் வந்தது. கைப்பிடி சுழற்றும் வேலை போயிற்று. பெண்களுக்குத்தான் அது தேவை என்று சொல்லிக்கொண்டே ஆண்களும் வாங்கினார்கள், மணிக்கட்டு எல்லோருக்கும் ஒன்றுதானே. விலையோ மாடல் டியைவிட மின்சாரக் காருக்குப் பல மடங்கு. பெட்ரோல் மலிந்தது, சாலைகள் ஊர்களை இணைத்தன. பட்டணத்துக்கு வெளியே கிராமங்களில் மின்சாரமே இல்லை. 'பெண்களின் கார்' என்ற பெயரும் தன் பங்கைச் செய்தது. அந்தப் பெயரோடு ஒரு வண்டியை வாங்க எத்தனை ஆண்கள் முன்வருவார்கள்?

நூறு ஆண்டுகள் கழித்து அந்த வண்டி திரும்பி வந்திருக்கிறது. இந்தமுறை தொழில்நுட்ப ஆண்களின் பொம்மையாக. பூக்குவளை இல்லை, வேகக் கணக்கு இருக்கிறது.

எங்கள் கார் முழு சார்ஜில் 260 கிலோமீட்டர் போகும், ஏசி போட்டால் இன்னும் குறையும். உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் ஒருமுறை ஏற்றிக்கொண்டோம். அடுத்தது விராலிமலை தாண்டி என்று திட்டம். போய்ச் சேரும்போது மாலை ஏழரை, பேட்டரி 29 சதவீதம். மூடிக்கிடந்த உணவகம் ஒன்றின் பின்புறம் சார்ஜர் நின்றிருந்தது. விளக்கு இல்லை. செயலி 'தயார்' என்றது, இயந்திரம் 'பழுது' என்றது. உதவி எண்ணில் பாட்டுக் கேட்டேன். கழிப்பறை பூட்டியிருந்தது. அம்மாவுக்கு வயது 71, அவசரம். லாரியோரம் நின்றிருந்த இருவர் வந்து, "ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?" என்று கேட்டார்கள். அக்கறையாகத்தான் கேட்டார்கள். பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடிக் கொண்டுவந்தவரும் அவர்களில் ஒருவர்தான்.

பெட்ரோல் போட ஐந்து நிமிடம், சார்ஜ் ஏற்ற முக்கால் மணி நேரம். ஒரு பெண்ணுக்கு இந்த வித்தியாசம் நிமிடக் கணக்கு இல்லை. தெரியாத இடத்தில், இருட்டில், நகர முடியாத வண்டிக்குள் முக்கால் மணி நேரம் என்பது வேறு கணக்கு. நிலையத்துக்கு இடம் பார்த்தவர்கள் மின்கம்பம் எங்கே இருக்கிறது என்று பார்த்திருக்கிறார்கள். விளக்குக் கம்பம் எங்கே என்று பார்க்கவில்லை.

அடுத்த சார்ஜர் 46 கிலோமீட்டர். ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கி, அறுபதுக்கு மேல் போகாமல் ஓட்டினேன். லாரிகள் ஹாரன் அடித்துத் தாண்டின. அம்மா என் பக்கம் திரும்பாமல் சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்:

"இது புதுக்கோட்டை ஜில்லா தானே மக்களே?"

"ஆமாம்மா. ஏன்?"

"நான் சைக்கிள் படிச்சது இங்கதான்."

எனக்குத் தெரியாது. 1990களின் தொடக்கத்தில் அம்மாவுக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆசிரியை வேலை. என்னைப் பாட்டியிடம் நாகர்கோவிலில் விட்டுவிட்டு இரண்டு வருடம் தனியாக இருந்தாள். அறிவொளி இயக்கம் நடந்த காலம் அது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியதால் உலகம் அறிந்த கதை. கல்குவாரியில் வேலை செய்த பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள் என்று ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் கற்றார்கள். வகுப்பில் இதை நான் பத்து வருடமாகச் சொல்லித் தருகிறேன். அந்தக் கூட்டத்தில் என் அம்மாவும் இருந்தாள் என்று 46 வயதில், 20 சதவீத பேட்டரியில் கேள்விப்பட்டேன்.

"படிச்சுக் குடுத்தது என் மாணவியோட அம்மா. கல் உடைக்கப் போறவ. நான் அவளுக்கு எழுத்து, அவ எனக்குச் சைக்கிள்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. மாசத்துக்கு ஒரு தரம் சனிக்கிழமை வருவாரு. அன்னைக்கு மட்டும் சைக்கிள் அவ வீட்ல நிக்கும்."

"எவ்வளவு தூரம் போவே?"

"எட்டு மைல் வரைக்கும் போயிருக்கேன். இருட்டுக்கு முன்னால திரும்பணும்லா."

அடுத்த சார்ஜருக்குப் போனபோது 11 சதவீதம். அது வேலை செய்தது. பக்கத்தில் டீக்கடை, வெளிச்சம், இரண்டு குடும்பங்கள். அம்மா காரைவிட்டு இறங்கி, கேபிளைத் தானே எடுத்துச் செருகிப் பார்க்கிறேன் என்றாள். இரண்டாவது முயற்சியில் பச்சை விளக்கு எரிந்தது. நாகர்கோவில் போய்ச் சேர விடிகாலை மூன்று மணி ஆயிற்று. தம்பி வாசலில் நின்றிருந்தான்.

ஆலிஸ் ராம்ஸி அந்த 1909 பயணத்துக்குப் பிறகு முப்பது தடவைக்கு மேல் அமெரிக்காவைக் குறுக்காகக் கடந்தார். தன் பயணத்தைப் புத்தகமாக வெளியிட்டது 1961இல்தான். இதை மறுநாள் திண்ணையில் அம்மாவிடம் சொன்னேன். முப்பது தடவையா என்று கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, திரும்பும்போது மதுரையிலிருந்து நேராகப் போகாமல் புதுக்கோட்டைக்குள் போய்ப் போக முடியுமா, அங்கே சார்ஜ் போட இடம் இருக்குமா என்று கேட்டாள். செயலியைத் திறந்து, பெரிதாக்கி, அவள் சொன்ன ஊர்ப் பெயரைத் தேடத் தொடங்கினேன்.