எருவும் உரிமையும்: சிலாங்கூர்த் தோட்டப்புற மண்வள வரலாறு – ஒரு பார்வை

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாறு பெரும்பாலும் புலம்பெயர்வு, ஊதியம், தொழிற்சங்கம், கல்வி ஆகியவற்றின் வழியே எழுதப்பட்டு வந்துள்ளது. அவர்கள் நாள்தோறும் கையாண்ட மண்ணின் வரலாறு போதிய கவனம் பெறவில்லை. இன்று அடுக்குமாடி வீடுகளும் கல்லூரிகளும் நிறைந்துள்ள சுபாங் ஜெயா, 1976ஆம் ஆண்டு நகராக உருப்பெறத் தொடங்குமுன் சீஃபீல்டு தோட்டத்தின் நிலமாக இருந்தது. அத்தகைய சிலாங்கூர்த் தோட்டங்களில் மண்ணின் வளம் எவ்வாறு இழக்கப்பட்டது, கழிவுகள் எவ்வாறு எருவாக மீண்டன, அதில் தமிழர் பெற்றதும் பெறாததும் யாவை என்பனவற்றை இக்கட்டுரையில் நாம் ஆராய்கிறோம்.

களையெடுப்பும் மண்ணிழப்பும்

ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கும் மேற்பட்ட மழையில் நெடுங்காலம் கரைந்த சிலாங்கூர் மேட்டுநில மண் அமிலத்தன்மை உடையது. அதன் வளம் பெரிதும் மேற்பரப்பின் இலைமக்கிலேயே தங்கியிருந்தது. காட்டை எரித்து ரப்பர் நட்டபோது அம்மக்கு அழிந்தது. எஞ்சியதற்கும் தோட்ட நிருவாகத்தின் களையெடுப்புக் கொள்கை கேடு விளைத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மரங்களுக்கிடையே ஒரு புல்லும் நில்லாதவாறு கொத்தி எடுப்பதே நல்ல நிருவாகத்தின் அடையாளம் எனக் கருதப்பட்டது. இப்பணியில் தமிழ்ப் பெண்கள் பெருமளவில் ஈடுபட்டனர். வெறுந்தரையின் மேல்மண்ணை மழை அரித்துச் சென்றது.

இதன் தீமை உணரப்பட்ட பின்னரே, 1920களிலும் 1930களிலும் மூடுபயிர்கள் பரவலாயின. 1925இல் அமைக்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் இத்துறையில் ஆய்வு செய்தது. பியூரேரியா, சென்ட்ரோசீமா முதலிய அவரைக்குடும்பக் கொடிகள் மண்ணை மூடிக் காத்ததோடு, காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைப்படுத்தி, உதிர்ந்த இலைகளால் மக்கையும் பெருக்கின.

எருவிடும் மரபும் துண்டு நிலமும்

உழுவதினும் எருவிடுவது நன்று என்னும் கருத்தைத் திருக்குறளின் உழவு அதிகாரம் முன்வைக்கிறது. தொழுவுரம், தழையுரம், ஆட்டுக்கிடை, ஏரிவண்டல் என விரியும் மரபறிவு தமிழக வேளாண்குடிகளுக்கு உண்டு. தோட்டப்புறத்தில் அவ்வறிவு வாழ்ந்த இடம் பால்மரக்காடு அன்று; லயத்தை ஒட்டிய காய்கறிப் பாத்தியே. மாட்டுச் சாணமும் அடுப்புச் சாம்பலும் சமையற்கழிவும் அங்கே கீரைக்கும் கத்தரிக்கும் வெண்டைக்கும் எருவாயின.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, குடும்பமுள்ள தொழிலாளி ஒவ்வொருவருக்கும் பயிரிடவோ மேய்க்கவோ ஏற்ற 1/16 ஏக்கர் நிலத்தைத் தோட்டங்கள் ஒதுக்க வேண்டும் என விதித்தது. அஃது ஏறத்தாழ 2,700 சதுர அடி. ஆயினும் அது பயன்படுத்தும் வாய்ப்பேயன்றி உடைமை அன்று. வேலை முடிந்தால், பல ஆண்டுகள் எருவிட்டுப் பண்படுத்திய துண்டு நிலமும் வீட்டோடு கைவிட்டுப் போயிற்று.

ஆலைக்கழிவு உரமானமை

சிலாங்கூரின் தென்னமாராம் தோட்டத்தில் 1917இல் வணிகமுறையில் தொடங்கிய செம்பனைப் பயிர், 1960களுக்குப் பின் ரப்பர் நிலங்களை வேகமாக ஆட்கொண்டது. செம்பனைக் குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் வெறுங்குலையாக எஞ்சும். ஆலைகள் அதனை எரித்துச் சாம்பலாக்கின. கழிவுநீரோ ஆறுகளைக் கெடுத்தது. அதன் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். 1977ஆம் ஆண்டு விதிமுறைகள் ஆற்றில் விடும் நீருக்கு 1978இல் 5,000 என்றும், படிப்படியாகக் குறைத்து 1984இல் 100 என்றும் வரம்பிட்டன. இக்கட்டாயத்தால் குட்டைகளில் நொதித்துத் தெளிந்த கழிவுநீர் தோட்ட நிலத்திற்கும் திருப்பப்பட்டது.

வெறுங்குலையும் எக்டேருக்கு 30 முதல் 60 டன் வரை மூடாக்காகப் பரப்பப்பட்டது. அது ஈரத்தைக் காத்து, சாம்பல்சத்தை மிகுதியாக அளித்து, வேர்வளர்ச்சியைத் தூண்டி விளைச்சலுக்குத் துணைநின்றது. எனினும் அது தாது உரத்தின் தேவையை முற்றிலும் நீக்கவில்லை. குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டும் பெருகும். மறுநடவின்போது பழைய மரங்களை எரிக்காமல் துண்டாக்கி மட்கவிடும் முறைக்காகக் கோல்டன் ஹோப் நிறுவனம் 1992இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 'குளோபல் 500' விருதைப் பெற்றது.

முடிவுரை

கழிவை எருவாக்கும் முறை தோட்டங்களில் வேரூன்றிய அதே காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் நகரங்களாக மாறின. 1997இல் நகராட்சியைப் பெற்ற சுபாங் ஜெயா 2020இல் மாநகரமாயிற்று. நிலத்தின் விலை உயர்ந்தது. அந்நிலத்தில் உழைத்தோருக்கு அதன்மேல் உரிமை இருக்கவில்லை. மண்வளம் பேணும் அறிவும் மண்மேல் உரிமையும் ஒரே கையில் சேராமையே இவ்வரலாற்றின் மையம் என நாம் கருதுகிறோம்.

இன்று மலேசிய வீட்டுக்கழிவில் கணிசமான பங்கு உணவுக்கழிவே. அதனை மட்கவைக்கும் முயற்சிகளைப் புதுமை எனக் கொள்வோர், அது லயத்துப் பாத்திகளில் வழக்கமாயிருந்ததை நினைத்தல் தகும். தோட்டத்தில் வாழ்ந்த முதியோர் பலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்கள் வழங்கிய எரு, மண், பயிர் பற்றிய சொற்களையும் செய்முறைகளையும் தமிழாசிரியர்கள் மாணவரைக் கொண்டு தொகுப்பின், ஏட்டில் ஏறாத ஒரு வேளாண் வரலாறு காக்கப்படும்.