விமானி அறையில் மறைந்த மூன்று ஆசனங்கள்

1948 ஜூன் 8-ஆம் தேதி பம்பாயிலிருந்து கிளம்பி, கெய்ரோ, ஜினீவா வழியாக லண்டனுக்குச் சென்ற ‘மலபார் பிரின்ஸஸ்’ முதலிய கான்ஸ்டலேஷன் விமானங்கள் கடல் கடந்து பறந்த நாட்களில், நெடும் பிரயாணங்களின்போது விமானி அறையில் இருந்தவர்கள் தலைமை விமானியும் துணை விமானியும் மாத்திரமல்லர். ரேடியோ ஆபீசர், நேவிகேட்டர், ஃப்ளைட் எஞ்சினியர் என வேறு மூவரும் அவர்களோடு அமர்ந்து, ஐவருமாக அந்த யந்திரத்தை நடத்துவது வழக்கம். 1950-களில் வாலிபராக உத்தியோகத்தில் சேர்ந்து 1990-களில் ஓய்வுபெற்ற ஒரு விமானி, அம்மூவரின் ஆசனங்களும் ஒவ்வொன்றாக மறைவதைத் தம் கண்ணாலேயே கண்டிருப்பார். ஜெட் எஞ்சின் வந்ததையும், வேகமும் உயரமும் பெருகியதையும் வியந்து எழுதியவர் பலர். எனக்கோ, மறைந்த அம்மூவரின் வித்தை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதே அதனினும் ஆழ்ந்து விசாரிக்கத்தக்கதாகத் தோன்றுகிறது.

நிலக்குறி ஒன்றுமில்லாத சமுத்திரத்தின்மேல், நள்ளிரவில், கூரையிலுள்ள சிறு துவாரத்தின் வழியே செக்ஸ்டன்ட் கருவியை நீட்டி, தெரிந்தெடுத்த மூன்று நக்ஷத்திரங்களின் கோணங்களை அளந்து, பஞ்சாங்கத்தையும் கணித அட்டவணைகளையும் புரட்டி, வரைபடத்தில் மூன்று கோடுகளை இட்டு, அவை கூடுமிடத்தை நேவிகேட்டர் சுட்டிக்காட்டுவார். ஆனால் கணக்கு முடிவதற்குள் விமானம் பல மைல்களைக் கடந்துவிடுமாதலால், அவர் காட்டியது எப்போதும் இருந்த இடமேயன்றி இருக்கும் இடமன்று. போயிங் 707 ஜெட் விமானத்திலும் இவ்வித்தை நீடித்தது. 1970-இல் சேவைக்கு வந்த போயிங் 747-இல் பொருத்திய ஐ.என்.எஸ். என்னும் மூன்று வழிகாட்டும் கருவிகளோ, கைரோஸ்கோப்புகளின் துணையால் விமானத்தின் ஒவ்வோர் அசைவையும் உணர்ந்து, புறப்பட்ட இடத்தினின்று வந்த தூரத்தையும் திக்கையும் தாமே இடைவிடாமல் கூட்டிக் கணக்கிட்டு, அக்கணத்தில் இருக்கும் ஸ்தானத்தையே எண்களாகக் காட்டின; நேவிகேட்டரின் ஆசனம் மறைந்தது.

எஞ்சினியரின் ஆசனம் அதற்குப் பின்னும் நெடுநாள் நிலைத்தது. 1989-இல் சேவைக்கு வந்த 747-400 விமானத்தில், முன்பு 971 ஆக இருந்த மானிகளும் விளக்குகளும் விசைகளும் 365 ஆகச் சுருங்கின; எரிபொருளையும் மின்சாரத்தையும் காற்றழுத்தத்தையும் கணிப்பொறி கவனிக்க, அறையில் இருவரே எஞ்சினர்.

இம்மாறுதலால் விபத்துகள் பெரிதும் குறைந்தன; இதை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் 2009 ஜூன் 1-ஆம் தேதி, ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸை நோக்கிப் பறந்த ஏர் பிரான்ஸ் 447-இல், வேகத்தை அறிவிக்கும் பிட்டோ குழாய்களைப் பனித்துகள்கள் அடைக்கவே, ஆட்டோபைலட் விலகிக்கொண்டு விமானத்தை மனிதர் கையில் விட்டது. விமானி தூக்கிய மூக்கு தாழாமலே விமானம் இறக்கையின் தாங்குசக்தியை இழந்து, நான்கரை நிமிஷத்துக்குள் அட்லாண்டிக்கில் வீழ்ந்து, 228 உயிர்கள் மாண்டன. வேகமானி பொய்த்தால், மூக்கின் கோணத்தையும் எஞ்சினின் விசையையும் அறிந்த அளவில் நிறுத்திக் காத்திருக்க வேண்டுமென்பது பழைய விமானிகளுக்குக் கைவந்த பாடம். அன்று விமானத்தைக் கையாண்ட விமானிகளைக் குறைகூற என் மனம் ஒப்பவில்லை. அவ்வளவு உயரத்தில் கையால் விமானத்தை ஆளும் பயிற்சியே அவர்களுக்குக் கிடைத்திருக்கவில்லை. விசாரித்த பிரெஞ்சு அதிகாரிகளும் அதையே குறிப்பிட்டு, அப்பயிற்சியைக் கட்டாயமாக்கச் சிபாரிசு செய்தார்கள். இரட்டை ஆசன அறைக்கு வரும் இன்றைய விமானிகள் சிமுலேட்டரில் அதைக் கற்கிறார்கள்.