முருங்கை மரத்திலிருந்து தொலைக்காட்சிப் பெட்டிக்கு

"வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டது."

அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவர்களுக்கு இந்த வாசகத்தை விளக்க வேண்டியதில்லை. மேலிடத்துக்குப் போன கோப்பு, ஓரத்தில் ஒரு சின்னக் கேள்வியோடு நம் மேசைக்கே திரும்பி வரும்போது பக்கத்து மேசைக்காரர் சொல்வது இதுதான். முப்பது வருடத்துக்கு மேல் எழுத்தராக இருந்தவன் என்பதால் இதை நானும் நூறு தடவை கேட்டிருக்கிறேன், இருநூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

இந்த வேதாளம் ஒரு காலத்தில் டி.வி.க்கும் வந்தது. நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அதைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். காரணம் உண்டு. 2022-இல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்தபோது, எங்கள் முத்தாண்டிக்குப்பம் டீக்கடையில்கூட ஒரே வாதம்தான்: "கல்கி எழுதியபடி எடுத்திருக்கிறார்களா, இல்லையா?" நாம் நேசித்துப் படித்த கதையைத் திரைக்குக் கொண்டுவரும்போது எது மாறலாம், எது மாறக்கூடாது? இந்தக் கேள்விக்கு விடை தேட விக்கிரமாதித்தனைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் தொடரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1985-இல் தூர்தர்ஷனில் 'விக்ரம் அவுர் பேதாள்' என்ற இந்தித் தொடர் வந்தது. எடுத்தவர் ராமானந்த் சாகர். விக்கிரமனாக அருண் கோவில், வேதாளமாக சஜ்ஜன் என்ற பழைய இந்தி நடிகர். வெள்ளை முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, ராஜாவின் முதுகில் சவாரி செய்தபடி அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்துப் பயந்த பிள்ளைகள் இன்று பேரன் பேத்தி எடுக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து, 1987-இல், அதே சாகர் 'ராமாயண்' எடுத்தார். அதே அருண் கோவில் ராமரானார். வேதாளத்தைச் சுமந்த தோளில்தான் பிறகு கோதண்டம் ஏறியது என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வோம்.

சரி, இது மூலத்துக்கு உண்மையான தொடரா? அதைச் சொல்லவேண்டுமானால் மூலம் எது என்று முதலில் தெரியவேண்டும். அங்கேதான் சங்கதி இருக்கிறது.

நமக்குக் கிடைக்கும் பழைய வடிவங்களில் புகழ்பெற்றது, 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் சோமதேவர் சமஸ்கிருதத்தில் எழுதிய 'கதாசரித்சாகரம்'. அனந்தன் என்ற அரசனின் ராணி சூரியவதிக்காக அவர் அதைத் தொகுத்தார். அதில் வேதாளக் கதைகள் ஒரு பகுதி, எண்ணிக்கை 25. அந்தப் பகுதியில் ராஜாவின் பெயர் விக்கிரமாதித்தன் இல்லை. கோதாவரிக் கரையில் பிரதிஷ்டானம் என்ற நகரத்தை ஆண்ட திரிவிக்கிரமசேனன். அந்த நகரம் இன்று மகாராஷ்டிரத்தில் இருக்கும் பைட்டன். உஜ்ஜயினி ராஜா பிற்காலத்தில் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டவர்.

மரமும் அப்படித்தான். சோமதேவர் சொல்வது சிம்சுபா மரம். வால்மீகியின் சுந்தர காண்டத்தில் சீதை உட்கார்ந்திருந்தாளே, அதே மரம். தமிழுக்கு வந்தபோது நம்மவர்கள் அதை முருங்கை மரமாக்கிவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள். "முருங்கை பருத்தால் தூணாகுமா" என்று பழமொழி சொன்னவர்களும் நாம்தான். எங்கள் ஊரில் முந்திரித்தோப்பு இல்லாத வீடுகூட உண்டு, கொல்லையில் முருங்கை இல்லாத வீடு கிடையாது. பலத்த காற்றுக்கே முறிகிற கிளை அது. அதில் ஒரு பிணத்தைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, ராஜாவையும் வாளோடு ஏறச் சொன்னார்கள் என்றால் அந்தத் தமிழ்க் கதைசொல்லிக்கு எவ்வளவு குறும்பு இருந்திருக்க வேண்டும்! ஆனால் அந்த மாற்றத்தால்தான் வேதாளம் நம் கொல்லைக்கு வந்தது. ராத்திரியில் கொல்லைப்பக்கம் போகப் பயந்த தலைமுறை நாம்.

வெளிநாட்டார் கைக்குப் போனபோது இன்னொரு கூத்து. தமிழ் 'வேதாளக் கதை'யை பாபிங்டன் என்பவர் ஆங்கிலத்தில் பெயர்த்து, அது 1831-இல் லண்டனில் அச்சானது. பிறகு 1870-இல் ரிச்சர்ட் பர்ட்டன் இந்தக் கதைகளில் பதினொன்றை எடுத்து, தன் சரக்கையும் தாராளமாகச் சேர்த்து வெளியிட்டார். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். லா ஃபோந்தேன் எழுதிய நீதிக்கதைகளை முசியே நெட்டுருப் போட வைப்பார். வீட்டுக்கு வந்தால் பாட்டி விக்கிரமாதித்தன் கதை சொல்வாள். இரண்டும் இரண்டு உலகம் என்றுதான் நினைத்திருந்தேன். பின்னால்தான் தெரிந்தது, லா ஃபோந்தேன் 1678-இல் வந்த தன் இரண்டாம் தொகுதியில், பில்பே என்ற இந்திய ஞானிக்குக் கடன்பட்டிருப்பதாக அவரே எழுதியிருக்கிறார் என்று. பஞ்சதந்திரம் அப்படிச் சுற்றி வந்திருக்கிறது! சோமதேவரின் வேதாளக் கதைகளை லூயி ரெனு என்ற சமஸ்கிருதப் பேராசிரியர் பிரெஞ்சில் பெயர்த்து 1963-இல் புத்தகமாக வந்தது. தலைப்பில் வேதாளத்துக்கு அவர் போட்ட சொல் 'வம்பீர்'. அதாவது இரத்தம் குடிக்கும் பேய். பர்ட்டனும் அதே சொல்லைத்தான் போட்டார். நம் வேதாளம் யார் இரத்தத்தைக் குடித்தது? அது கேட்பதெல்லாம் கேள்வி. இரத்தம் குடிக்கிற பேயைவிடக் கேள்வி கேட்கிற பேய் ஆபத்தானது என்பது தணிக்கைக் குழுவைச் சந்தித்த எந்த எழுத்தருக்கும் தெரியும்.

இப்படிப் பெயர் மாறியது, ஊர் மாறியது, மரம் மாறியது, பேயின் ஜாதியே மாறியது. அப்படியானால் மாறாமல் வந்தது எது?

அந்த ஒப்பந்தம். பிணத்தைச் சுமந்து போகும் ராஜா வாய் திறக்கக் கூடாது. வழியில் வேதாளம் ஒரு கதை சொல்லும். முடிவில் ஒரு கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். சொன்னாலோ மௌனம் கலைந்து பிணம் மரத்துக்குத் திரும்பிவிடும். அறிவாளி ஆனதே ராஜாவுக்கு வினை. இதில் உள்ள நகைச்சுவைதான் ஆயிரம் வருடமாக இந்தக் கதையைச் சுமந்து வருகிறது.

ஒரு கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓர் அந்தணர் யாகத்துக்கு ஆமை வேண்டும் என்று மூன்று பிள்ளைகளை அனுப்புகிறார். ஆமை நாறுகிறது, நான் தூக்க மாட்டேன் என்கிறான் ஒவ்வொருவனும். ஒருவன் சாப்பாட்டில் நுட்பக்காரன், ஒருவன் பெண்கள் விஷயத்தில், மூன்றாமவன் படுக்கையில். யார் பெரிய நுட்பக்காரன் என்ற வழக்கு ராஜாவிடம் போகிறது. ராஜா சோதிக்கிறான். முதலாமவன் ராஜ விருந்தில், சோற்றில் பிணப்புகை நாறுகிறது என்று எழுந்துவிட்டான். விசாரித்தால் அரிசி சுடுகாட்டுப் பக்கத்து வயலில் விளைந்தது. இரண்டாமவன், அலங்கரித்து அனுப்பிய பெண்ணிடம் ஆட்டு வாடை வருகிறது என்றான். விசாரித்தால் அவள் குழந்தையில் ஆட்டுப்பால் குடித்து வளர்ந்தவள். மூன்றாமவன் ஏழு மெத்தை போட்ட கட்டிலிலிருந்து அலறிக்கொண்டு எழுந்தான். உடம்பில் சிவப்பாக ஒரு கோடு. மெத்தைகளைப் புரட்டினால் ஏழாவதுக்கு அடியில் ஒரே ஒரு மயிர்! பட்டாணி மேல் படுத்த இளவரசியின் கதையை ஆண்டர்சன் வெளியிட்டது 1835-இல். நம்முடையது அதற்கு எழுநூறு வருடத்துக்கு மேல் மூத்தது.

மூவரில் யார் பெரிய நுட்பக்காரன்? ராஜா சொன்ன விடையைப் பிறகு சொல்கிறேன். அதற்குள் நீங்கள் யோசித்து வையுங்கள்.

நம் தலைமுறைக்கு இந்த யோசிக்கிற பழக்கத்தைக் கொடுத்தது அம்புலிமாமா. நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947-இல் தொடங்கிய பத்திரிகை. மூலத்தில் இருப்பது 25 கதை. அம்புலிமாமாவில் வந்ததோ நூற்றுக்கணக்கில். எங்கெங்கோ இருந்த கதைகளை வேதாளத்தின் வாயில் போட்டுவிட்டார்கள். ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தை யார் மறப்பார்? ஒரு கையில் வாள், தோளில் பிணம், சுற்றிலும் மண்டையோடுகள். அவர் 2020-இல் மறைந்தார், மறைவுக்குப் பிறகு பத்மஸ்ரீ அறிவித்தார்கள். கேள்வியும் விடையும் ஒரே பக்கத்தில் இருக்கும். நாங்கள் அண்ணன் தம்பிகள் விடையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லிய பிறகே கையை எடுப்போம். பாட்டி கதை சொன்னாலும் அதே முறைதான். கேள்வியில் நிறுத்திவிட்டு வெற்றிலை மடிக்க ஆரம்பித்துவிடுவாள். அவள் மடித்து முடிக்கும்வரை தீர்ப்பு எங்களுடையது.

டி.வி.யில் அந்த வெற்றிலை மடிக்கும் நேரம் கிடையாது. வேதாளம் கேட்டால் விக்கிரமன் சொல்லிவிடுவான், அது பறந்துவிடும். புத்தகத்தைக் கையால் மறைக்கலாம், ஓடுகிற படத்தை எப்படி மறைப்பது?

ஆனால் நெய்வேலியில் அதற்கு ஒரு வழி தானாகவே பிறந்தது. அப்போது எங்கள் கிராமத்தில் டி.வி. அபூர்வம். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு நண்பர் வீட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போவேன். கூடம் நிறையப் பிள்ளைகள். நம் மண்ணில் வெட்டிய நிலக்கரியில் பிறந்த மின்சாரத்தில், ஒருவருக்கும் புரியாத இந்தியில் வேதாளம் பேசும். நண்பர் ஒருவர் மட்டும் பிரசார சபாத் தேர்வுகள் எழுதி இந்தி படித்தவர். அவர்தான் வரிக்கு வரி தமிழில் சொல்வார். கேள்வி வரைக்கும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார். ராஜா திரையில் ஏதோ விடை சொல்வான், வேதாளம் சிரித்துக்கொண்டு பறக்கும், பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது. "மாமா, என்ன சொன்னார்? மாமா, சொல்லுங்க!" என்று பிய்த்து எடுப்பார்கள். "நீங்கள் சொல்லுங்கள், பிறகு நான் சொல்கிறேன்" என்பார். பத்து நிமிடம் கூடம் நீதிமன்றம் போல இருக்கும். அக்கா ஒரு கட்சி, தம்பி ஒரு கட்சி. மொழி தெரியாததே பிள்ளைகளுக்கு நன்மையாயிற்று. பாட்டியின் வெற்றிலை நேரம் திரும்பக் கிடைத்தது.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது இதுதான். மூலத்துக்கு உண்மையாக இருப்பது என்றால் பெயரையும் மரத்தையும் காப்பாற்றுவது அன்று. கேட்பவனுக்கு உரிய அந்த இடைவெளியைக் காப்பாற்றுவது. தலை மாறிய கதையைப் பாருங்கள். கணவன் தலை ஒருவன் உடலிலும், அண்ணன் தலை கணவன் உடலிலும் மாறி ஒட்டிவிட்டால் அவளுக்கு யார் கணவன் என்பது கேள்வி. தலையே பிரதானம், எனவே கணவன் தலை உள்ளவனே கணவன் என்று சோமதேவரின் ராஜா ஒரு வரியில் தீர்த்துவிட்டான். ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மன் 1940-இல் அந்தக் கேள்வியை எடுத்து, அண்ணனை நண்பனாக்கிய வடிவத்தில், ராஜாவின் விடை போதாது என்று ஒரு நாவலே எழுதினார். அதைத் தொட்டு கிரீஷ் கர்னாட் கன்னடத்தில் 'ஹயவதனா' நாடகம் எழுதினார். விடையை மாற்றினார்கள், கேள்வியை விடவில்லை. 2017-இல் தமிழில் வந்த 'விக்ரம் வேதா' படத்தில் மரமும் இல்லை, பிணமும் இல்லை. ஒரு போலீஸ் அதிகாரி, ஒரு ரவுடி. ஆனால் ரவுடி கதை சொல்கிறான், கேள்வி கேட்கிறான், தப்பிக்கிறான். படமும் ஒரு கேள்வியோடேயே முடிகிறது. என் கணக்கில் அது மூலத்துக்கு மிக நெருக்கமானது. 2009-இல் சாகர் நிறுவனமே வேதாளத்தை மறுபடி டி.வி.க்குக் கொண்டுவந்தது, 2018-இல் இன்னொரு சேனலும் எடுத்தது. வித்தைகள் கூடின. என் மனத்தில் நிற்பது என்னவோ சஜ்ஜனின் சிரிப்புதான்.

கடைசிக் கதையில் சோமதேவர் வைத்த முடிவும் இதைத்தான் சொல்கிறது. ஒரு தந்தை ஒரு குடும்பத்து மகளையும், அவர் மகன் அந்த மகளின் தாயையும் மணந்துகொண்டால் பிறக்கும் பிள்ளைகளுக்குள் என்ன உறவு என்று வேதாளம் கேட்கிறது. ராஜாவுக்கு விடை தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான். அத்தனை முறை அறிவால் தோற்றவன், தெரியாது என்ற மௌனத்தால் ஜெயிக்கிறான். வேதாளம் மகிழ்ந்து, சாமியாரின் சதியைச் சொல்லி அவன் உயிரைக் காப்பாற்றுகிறது.

நுட்பக்காரர்களின் கதைக்கு வருவோம். ராஜாவின் தீர்ப்பு: படுக்கைக்காரனே பெரியவன். மற்ற இருவரும் யாரிடமாவது முன்பே விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கலாம், இவன் உடம்பில் இருக்கும் தழும்போ கண்ணால் காணும் சாட்சி. ஆவணச் சான்று இல்லாமல் எதையும் நம்பாத ராஜா! எங்கள் இலாகாவில் இருந்திருக்க வேண்டியவன்.

உங்களுக்கு வேறு தீர்ப்பு தோன்றியிருந்தால் அதுவும் சரியே. இப்போது பேரப்பிள்ளைகள் இந்தக் கதைகளைச் செல்போனில் பார்க்கிறார்கள், அதுவும் தமிழிலேயே. நம் நண்பர் வாயை மூடிக்கொண்டது போல இப்போது யாரும் மூடிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அந்தப் பெட்டியில் படத்தை நிறுத்தி வைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. வேதாளம் கேள்வி கேட்டதும் அதை அழுத்துங்கள். பிள்ளை முறைக்கும், சிணுங்கும். அழுத்தியே வைத்திருங்கள். வெற்றிலை மடிக்கிற நேரம் போதும்.