விசா மனுதாரரின் சமூக ஊடகச் சோதனை (அமெரிக்கா)

அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குள் பிரவேசிக்க விசா கோருவோர், முந்தைய ஐந்தாண்டுகளில் சமூக ஊடகங்களில் தாம் வழங்கிவந்த பெயர்களையெல்லாம் மனுவிலேயே தெரிவித்துவிட வேண்டும் என்று அந்நாட்டு ராஜாங்க இலாகா 2019 மே மாத இறுதியில் நடைமுறைப்படுத்திய ஏற்பாடு. டிஎஸ்-160 என்னும் விசா மனுப் படிவத்தில் ஊடகத்தின் பெயரைப் பட்டியலிலிருந்து தெரிந்தெடுத்து, அதில் தமக்குள்ள கணக்கின் பெயரை எழுத வேண்டும்; கடவுச்சொல் கேட்கப்படுவதில்லை. 2017-இலேயே மூடப்பட்டுவிட்ட வைன் என்னும் காணொளித் தளமும் அப்பட்டியலில் இடம்பெற்றது, சர்க்கார் படிவங்களின் சுபாவம் அறிந்தவர்களுக்கு வியப்பளிக்காது.

2025 ஜூனில் மாணவர் விசா கோருவோரும், டிசம்பர் 15 முதல் எச்-1பி என்னும் வேலை விசா கோரும் பணியாளரும் அவர்தம் குடும்பத்தாரும் தங்கள் பக்கங்களைப் பகிரங்கமாகத் திறந்துவைக்குமாறு பணிக்கப்பட்டனர். சென்னையில் மனுச் செய்யும் கணிப்பொறிப் பொறியாளரும் இதற்கு விலக்கல்லர்.

அந்தரங்கத்திற்கு நேரும் ஹானி மனுதாரரோடு நிற்பதில்லை: அவர் பதிவின் கீழ் நண்பர் எழுதிய மறுமொழியும், தங்கையின் கல்யாணப் புகைப்படமும், அவர்களுடைய சம்மதமின்றியே அதிகாரியின் பார்வைக்கு வந்துவிடுகின்றன. கொடுங்கோலாட்சிக்கு அஞ்சிப் புனைபெயரில் எழுதுகிறவனோ அப்பெயரையே அந்நிய அரசாங்கம் ஒன்றிடம் ஒப்படைக்க நேர்கிறது; விசாவை உத்தேசித்துப் பழைய அபிப்பிராயங்களை அழிப்பதும், புதியவற்றை எழுதாமலே விடுவதும், தணிக்கை என்ற பெயரில்லாத தணிக்கையே ஆகும். கணக்குப் பெயர்களைத் தெரிவிக்கச் சொல்லும் 2019 விதியை எதிர்த்து ஆவணப்பட அமைப்புகள் இரண்டு அவ்வாண்டு டிசம்பரில் தொடுத்த வழக்கை, வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம் 2023-இல் தள்ளுபடி செய்தது.